இசைத்தட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் ‘ஹம்’: எந்த வழியில் போக்குவது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு மாமா போன மாதம் லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அப்பா சேர்த்த கச்சேரித் தட்டுகளைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறார். பாட்டு நன்றாகத்தான் பதிவாகியிருந்தது. ஆனால் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. “கடைக்காரன் ஐசோலேட்டர் வாங்கச் சொல்றான். பையன் சாஃப்ட்வேர்லயே எடுத்துடலாங்கறான். மச்சினன் யுஎஸ்பி டர்ன்டேபிளே புதுசா வாங்கிடுங்கறான். நீ சொல்லுப்பா, எதைச் செய்யறது?” என்றார்.

கிட்டத்தட்ட இதே கேள்வியைத் தாராவியில் இருக்கும் ஒரு அண்ணனும், டோம்பிவிலியில் இருக்கும் ஓர் அக்காவும் இந்த வருடமே கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. வீடு, கருவி, தட்டுகளில் இருக்கும் சங்கீதம் மூன்றையும் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு வழியையும் எடுத்து, எது யாருக்குப் பொருந்தும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இது ஹம்தானா?

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது மின்சாரத்தால் வரும் ஹம் இல்லை. ஒன்று மோட்டாரின் அதிர்வு ஊசி வழியாக ஏறுகிறது, அல்லது தட்டிலேயே அந்தச் சத்தம் பதிந்திருக்கிறது. ஊசியைத் தூக்கிய பிறகும் தொடர்ந்தால் அதுதான் நாம் தேடும் ஹம்.

அடுத்து, டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். சத்தம் கூடினாலோ குறைந்தாலோ எர்த் வயர் சரியாக இல்லை என்று பொருள். அப்புறம், ஊசி தட்டில் படாதபடி ஆர்மைக் கையால் தூக்கி, ஓரத்திலிருந்து நடுப்பக்கம் மெதுவாகக் கொண்டு போங்கள். நடுவை நெருங்க நெருங்கச் சத்தம் ஏறினால், பிளாட்டருக்கு (தட்டு வைத்துச் சுற்றும் மேடை) அடியில் இருக்கும் மோட்டாரோ டிரான்ஸ்ஃபார்மரோ கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதியை, காந்தப்புலத்தால் தாக்குகிறது. ஒரு பக்கக் காதில் மட்டும் ஹம் கேட்டால், ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜை மாட்டும் முனை) நான்கு பின்களில் ஒன்றோ, ஆர்சிஏ பிளக் ஒன்றோ தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசிச் சோதனை கண்ணால் பார்ப்பது. ஊசியைத் தூக்கி வைத்து அரை நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) திறந்து பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50-ல் மட்டும் உயரமான முனை இருந்தால் பெரும்பாலும் காந்தப்புலமோ எர்த் கோளாறோதான். 100, 200, 300 என்று வரிசையாக முனைகள் இருந்து, சத்தமும் வண்டு பறப்பதுபோல் ‘ஜ்ஜ்ஜ்’ என்று கேட்டால், ஏதோ ஒரு பவர் சப்ளையின் அழுக்கு எர்த் வழியாக உள்ளே வருகிறது.

இந்த ஹம் ஏன் இசைத்தட்டில் மட்டும் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது டர்ன்டேபிளுக்கு அடுத்து வரும் பெருக்கிப் பெட்டி, நூறு மடங்கு பெருக்குகிறது. அதோடு, தட்டு வெட்டும்போது அடக்கி வைத்த பேஸைத் திரும்பத் தூக்கும் ஆர்ஐஏஏ சமன்பாடும் உள்ளே இருக்கிறது. அது 50 ஹெர்ட்ஸில் இன்னும் ஏழு மடங்கு கூட்டுகிறது. ஆக, கார்ட்ரிட்ஜுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் ஒட்டிக்கொள்ளும் துளி ஹம் 700 மடங்காகி வெளியே வருகிறது. டேப் டெக்கிலோ சிடி பிளேயரிலோ இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

எதை வைத்து எடை போடுவது?

நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து. முதலாவது, அந்த வழி ஹம்மின் காரணத்தைத் தீர்க்கிறதா, பதிவான பிறகு துடைக்கிறதா. இரண்டாவது, ஹம்மோடு சேர்த்துச் சங்கீதத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது. மூன்றாவது, ரூபாய். நான்காவது, நேரம். ஐந்தாவது, கரண்ட் அடிக்காமல் இருப்பது.

இதில் நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஒரு எல்பியின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம். 50 எல்பி என்றால் 100 பக்கம், 33 மணி நேரத்துக்கு மேல். இதைச் சுருக்க முடியாது, தட்டு சுற்றும் வேகத்தில்தான் பதிவாகும். தவறான வழியில் ஆரம்பித்தால் இந்த 33 மணி நேரத்தை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஹம் முழுக்கப் பூஜ்யமாக வேண்டும் என்றில்லை. தட்டுக்கே ஒரு மேற்பரப்பு இரைச்சல் இருக்கிறது. ஊசி பாட்டில்லாத பள்ளத்தில் ஓடும்போது கேட்கும் அந்த ‘ஸ்ஸ்’ஸுக்கு அடியில் ஹம் மறைந்துவிட்டால் போதும்.

வழி 1: எர்த், வயர், பேட்டரி

செலவு ஏறக்குறைய இல்லை. காரணத்தையே தீர்க்கும். சங்கீதத்தைத் தொடவே தொடாது. இவ்வளவு இருந்தும் இதைக் கடைசியாகத்தான் எல்லோரும் முயற்சி செய்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதல் வேலை, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்து பார்ப்பது. ஹம் அங்கேயே போய்விட்டால் உங்கள் பிரச்சினை எர்த் லூப், அல்லது சார்ஜரின் கசிவு. ப்ரீஆம்ப் ஒரு பிளக்கில், கம்ப்யூட்டர் இன்னொரு பிளக்கில் இருக்கும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அந்த மின்சாரம் ஆடியோ வயரின் மேலுறைக் கம்பி வழியாக ஓடிப் பாட்டோடு கலந்துவிடுகிறது. இரண்டு பின் சார்ஜர் கதை வேறு. எர்த்தே இல்லாததால், அதன் ஃபில்டர் கண்டென்ஸர்கள் வழியாக லேப்டாப்பின் உலோக உடம்பு மெயின்ஸில் பாதி வோல்டேஜ் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். கை வைத்தால் சுருசுருவென்று இருக்குமே, அதுதான். மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும் 700 மடங்கு பெருக்கும் ப்ரீஆம்புக்கு அதுவே போதும்.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மூன்று பக்கம் பதிவு செய்துவிட்டு, சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுபடி உட்காரலாம். பலருக்கு இதற்கு மேல் ஒன்றுமே தேவையில்லை.

இரண்டாவது, டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ப்ரீஆம்பின் ஜிஎன்டி திருகில் இறுக்கிக் கட்டுங்கள். முனை பச்சைப் பூத்திருந்தால் சுரண்டிவிட்டுக் கட்டுங்கள். ஆனால் டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கும் மாடல்களில் எர்த்தை உள்ளேயே இணைத்திருப்பார்கள். அதில் வெளியிலிருந்து இன்னொரு எர்த் கொடுத்தால் லூப் உருவாகி ஹம் கூடும்.

மூன்றாவது, ப்ரீஆம்ப், டர்ன்டேபிள், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். ப்ரீஆம்பின் அடாப்டரை டர்ன்டேபிளுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தூரம் கூடக் கூட வேகமாக விழும். இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பவர் வயரும் ஆடியோ வயரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு போகக் கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். பதிவு செய்யும்போது எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். மும்பை வெக்கையில் கஷ்டம்தான், ஆனால் அந்த ‘ஜ்ஜ்ஜ்’ அதோடு போய்விடுவதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியின் மறைந்த செலவு சுவருக்குள் இருக்கிறது. எங்கள் கட்டடம் பழையது. எல்லா அறையிலும் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் ஒன்றைத் திறந்து காட்டியபோது பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துவிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இல்லையென்றால் மெயின் போர்டிலிருந்து ஒரு பச்சை வயர் இழுக்க வேண்டியிருக்கும். வாடகை வீட்டில் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், சொஸைட்டியிலும் கேட்க வேண்டியிருக்கலாம்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். “எர்த் பின்னை உடைச்சிடுங்க, ஹம் போயிடும்” என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். ஹம் போகலாம், ஆனால் உள்ளே எங்காவது கோளாறு வந்தால் அந்தக் கரண்ட் போக உங்கள் கையைத் தவிர வேறு வழியில்லை. அதேபோல், எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த சாக்கெட்டில் மாட்டிய எல்லாக் கருவியின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறிவிடும்.

வழி 2: லைன் ஐசோலேட்டர்

ப்ரீஆம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்கள், சேனலுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாக அந்தப் பக்கம் தாண்டிவிடும், எர்த் தொடர்பு அறுந்துவிடும். லேமிங்டன் ரோட்டில் சில நூறு ரூபாயில் கிடைக்கும். எர்த் லூப் என்றால் உடனே பலன் தெரியும், கரண்ட் விஷயத்திலும் பாதுகாப்பானது.

இதற்குக் கொடுக்கும் விலை பேஸில் இருக்கிறது. மலிவான பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மிகச் சிறியது. சத்தமான இடங்களில் கீழ்ச்சுருதி வந்தால் அது தாங்காமல் ஒலி சிதையும். பழைய சினிமாப் பாட்டில் அவ்வளவாகத் தெரியாது. தவில் வரும்போதும், மிருதங்கத்தின் தொப்பியில் குமுக்கி விழும்போதும் தெரியும். பெரிய இரும்பு உள்ள நல்ல டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகளில் இந்தக் குறை இல்லை, ஆனால் விலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று, இதை ப்ரீஆம்புக்குப் பிறகுதான் மாட்ட வேண்டும். கார்ட்ரிட்ஜுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் மாட்டினால் அந்த டிரான்ஸ்ஃபார்மரே ஹம்மை வாங்கி ப்ரீஆம்புக்குக் கொடுக்கும். கார்ட்ரிட்ஜ் எதிர்பார்க்கும் 47 கிலோஓம் சுமையும் மாறி ஒலியின் நிறமே கெட்டுவிடும். செம்பூரில் ஒரு வீட்டில் இப்படி மாட்டிவிட்டு ‘ஐசோலேட்டர் உபயோகமில்லை’ என்று தூக்கிப் போட்டிருந்தார்கள். இடம் மாற்றி மாட்டியதும் ஹம் நின்றது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு, அதாவது பேட்டரியில் ஓட்ட முடியாதவர்களுக்கு, இது நல்ல வழி.

வழி 3: யுஎஸ்பி ஐசோலேட்டர்

இதுவும் எர்த் தொடர்பை அறுக்கிறது. ஆனால் அறுக்கும் இடம் ஆடியோ வயரில் இல்லை, ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் (பாட்டை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி) கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் யுஎஸ்பி வயரில். பாட்டு அதற்கு முன்பே எண்களாக மாறிவிடுவதால் பேஸ் தேய்வது, சிதைவது எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை அழுக்கு யுஎஸ்பி வழியாக வரும் ‘கிர்ர்’ சத்தத்தையும் இது சேர்த்து நிறுத்தும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஏடியுஎம்3160 அல்லது 4160 சிப் வைத்தவை. அவை விநாடிக்கு 12 மெகாபிட் வேகம் வரைதான் போகும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு அது தாராளம். பெஹ்ரிங்கர் யுசிஏ202, யுஎஃப்ஓ202 மாதிரியான எளிய இன்டர்ஃபேஸ்கள் அந்த வேகத்துக்குள்ளேயே வேலை செய்பவை. ஆனால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற, 480 மெகாபிட் வேகம் கேட்கும் இன்டர்ஃபேஸை இதில் மாட்டினால் வேலை செய்யாது. அதற்கு ஹை-ஸ்பீட் ஐசோலேட்டர் தனியாக வேண்டும், விலையும் பல மடங்கு. ஐசோலேட்டர் கொடுக்கும் மின்னோட்டமும் குறைவு. நிறைய கரண்ட் இழுக்கும் இன்டர்ஃபேஸ் நடு நடுவே அறுந்து அறுந்து போகும்.

வழி 4: கருவியை மாற்றுவது

இதில் இரண்டு பாதை. ஒன்று, ஃபோனோ உள்ளீடும் எர்த் திருகும் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குவது. நான் மேலே சொன்ன யுஎஃப்ஓ202 அந்த வகை. தனி ப்ரீஆம்ப், அதன் அடாப்டர், ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரு வயர் என்று ஹம் நுழையும் மூன்று வாசல் ஒரேயடியாக மூடிக்கொள்கிறது. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் சொருகிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதை வாங்கிவிடுங்கள். அந்த ஓட்டை மோனோ, மைக்குக்கான வோல்டேஜ் வேறு அதில் வந்துகொண்டிருக்கும். அங்கே ஹம்மைச் சரிசெய்து பயனில்லை.

இன்னொன்று, யுஎஸ்பி டர்ன்டேபிள். ப்ரீஆம்பும் டிஜிட்டல் மாற்றியும் உள்ளேயே இருப்பதால் வயர் ஒன்றுதான். கார்ட்ரிட்ஜிலிருந்து ப்ரீஆம்புக்கு ஒரு சாண் தூரம் என்பதால் ஹம் ஒட்ட இடமில்லை. வீட்டில் வேலை செய்யும் பிளேயரே இல்லாதவர்களுக்கு இது சரியான தேர்வு. ஆனால் சூட்கேஸ் மாதிரி மடக்கி வைக்கும் மலிவு மாடல்களைக் கச்சேரித் தட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அவற்றில் பல, செராமிக் கார்ட்ரிட்ஜை அதிக எடையில் அழுத்தி ஓட்டுபவை. பல ஆண்டு பாதுகாத்த தட்டில் அந்த எடையை வைக்க மனசு வராது. எடையைச் சரிசெய்ய வசதியும், மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜும் உள்ள மாடல் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டி நன்றாகவே செலவாகும்.

பழைய பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஏசி/டிசி வால்வு ரேடியோகிராம் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, சேசிஸ் நேராக மெயின்ஸோடு இணைந்திருக்கும். அதிலிருந்து வயர் எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினால் உயிருக்கே ஆபத்து. விஷயம் தெரிந்த மெக்கானிக் திறந்து பார்த்துச் சொல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

வழி 5: சாஃப்ட்வேர்

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் முதலில் போனது இந்த வழியில்தான். அப்பாவின் தட்டுகளில் 14 பக்கத்தை ஹம்மோடு பதிவு செய்து, ஆடாசிட்டியில் 50, 100, 150, 200 என்று வரிசையாக நாட்ச் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டி எடுப்பது) போட்டு, மேலே நாய்ஸ் ரிடக்ஷனும் ஓட்டினேன். ஹம் சுத்தமாகப் போனது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒரு நாள் அம்மா கேட்டுவிட்டு, “தம்புரா எங்கடா?” என்றாள்.

ஒரு கட்டை சுருதியில் பாடும் வித்வானின் ஆதார ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். அவருடைய தம்புராவின் முதல் தந்தி, கீழ் ஸ்தாயிப் பஞ்சமம், 98 ஹெர்ட்ஸ். ஹம்மின் இரண்டாம் மடங்கு 100. நடுவில் இரண்டே ஹெர்ட்ஸ். டர்ன்டேபிள் 2 சதவீதம் வேகமாகச் சுற்றினால் அந்தப் பஞ்சமம் சரியாக 100-ல் வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு ஷட்ஜமே 196, ஹம்மின் நான்காம் மடங்கு 200. நம் கச்சேரிகளின் சுருதியும் மின்சாரத்தின் மடங்குகளும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுகின்றன. கச்சேரி முழுக்க நிற்காமல் ஒலிக்கும் ஒரே ஸ்வரம் தம்புராவினுடையது. நிற்காமல் ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும் சாஃப்ட்வேருக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நாட்ச் ஃபில்டரைக் குறுக்கினால் போதாதா? க்யூ என்ற எண் கூடக் கூட வெட்டு குறுகும். 100 ஹெர்ட்ஸில் க்யூ 10 வைத்தால் அது 10 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெட்டும், பஞ்சமம் அதற்குள் போய்விடும். க்யூ 30 வைத்தால் அகலம் 3.3 ஹெர்ட்ஸ், பஞ்சமம் விளிம்பில் தப்பிக்கும். ஆனால் நம் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50-ல் அசையாமல் நிற்பதில்லை. 49.90-லிருந்து 50.05 வரை என்பதுதான் விதிப்படியே அனுமதித்த எல்லை. பத்தாவது மடங்கில் அது 499-லிருந்து 500.5 வரை ஊசலாடும். மேல் மடங்குகளில் குறுகலான நாட்ச் குறி தப்பும், அகலமான நாட்ச் பாட்டை வெட்டும். நாய்ஸ் ரிடக்ஷன் இன்னும் முரடு. ஆடாசிட்டி 2048 மாதிரிகளை ஒரு கட்டாக எடுத்துப் பார்க்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இருபத்தொரு ஹெர்ட்ஸ் அகலம். 98-ம் 100-ம் அதற்கு ஒன்றேதான்.

ஹம்முக்கென்றே உள்ள விலை கூடிய மென்பொருள்கள், உதாரணமாக ஐஸோடோப் ஆர்எக்ஸின் டி-ஹம், இதைவிட நாசூக்காக வேலை செய்யும். ஆனாலும் ஒட்டி நிற்கும் இரண்டு ஒலிகளில் ஒன்றை மட்டும் எடுப்பது அதற்கும் கஷ்டம்தான்.

அந்த 14 பக்கத்தையும் நான் மறுபடி பதிவு செய்தேன். ஹம்மோடு எடுத்த மூலக் கோப்புகளை அழித்துவிட்டிருந்ததால் வேறு வழியில்லை. நீங்கள் என்ன செய்தாலும் மூலப் பதிவை ஃப்ளாக்கில் (ஒலி இழப்பில்லாத கோப்பு வகை) அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

சாஃப்ட்வேர்தான் சரி என்னும் இடமும் உண்டு. தட்டு இப்போது உங்கள் கையில் இல்லை, யாரோ ஹம்மோடு எடுத்த பதிவு மட்டும்தான் இருக்கிறது என்றால் இதை விட்டால் வழியில்லை. பேச்சு, நாடகம், வசனத் தட்டு என்றால் தாராளமாகச் செய்யலாம், தம்புரா இழப்பு இல்லை. வாத்தியங்கள் நிறைந்த சினிமாப் பாட்டிலும் 50-ல் மட்டும் ஒரு நாட்ச் போடுவது பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. கச்சேரியில் 50-ஐத் தாண்டி மேலே போகாதீர்கள்.

வழி 6: வெளியில் கொடுத்துவிடுவது

நல்ல கருவி உள்ளவர்களிடம் கொடுத்தால் ஹம் உங்கள் கவலையே இல்லை. பத்துத் தட்டுக்குள் என்றால் யோசிக்கலாம், நூறு தட்டு என்றால் கணக்குக் கட்டாது. எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டு, மூலப் பதிவையும் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அந்தத் தட்டு ஏற்கெனவே டிஜிட்டலில் வெளிவந்திருக்கிறதா என்று தேடிவிடுங்கள். ஹெச்எம்வி முத்திரையில் வந்த பலவற்றைச் சரிகம நிறுவனமே வெளியிட்டிருக்கிறது.

ஒரே பார்வையில்

| வழி | காரணத்தைத் தீர்க்குமா | சங்கீதத்தில் இழப்பு | செலவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| எர்த், வயர், பேட்டரி | ஆம் | இல்லை | ஏறக்குறைய இல்லை | வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாவிட்டால் பெரிய வேலை |
| லைன் ஐசோலேட்டர் | எர்த் லூப் என்றால் மட்டும் | மலிவானதில் பேஸ் | சில நூறு முதல் பல ஆயிரம் | ப்ரீஆம்புக்குப் பிறகே மாட்ட வேண்டும் |
| யுஎஸ்பி ஐசோலேட்டர் | கம்ப்யூட்டர் பக்கத்து எர்த் என்றால் மட்டும் | இல்லை | நடுத்தரம் | இன்டர்ஃபேஸின் வேகம் பொருந்த வேண்டும் |
| புதுக் கருவி | பெரும்பாலும் ஆம் | மாடலைப் பொறுத்தது | சில ஆயிரம் முதல் பத்தாயிரத்துக்கு மேல் | ஊசியின் எடை |
| சாஃப்ட்வேர் | இல்லை | தம்புரா, கீழ்ச்சுருதி | இலவசம் முதல் | திருத்த நேரம், மூலக் கோப்பு |
| வெளியில் கொடுப்பது | அவர்கள் பாடு | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | தட்டுக்கு இவ்வளவு | தட்டு கைமாறும் கவலை |

மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

மாட்டுங்கா மாமாவின் தட்டுகள் எல்லாம் கச்சேரி. லேப்டாப், இரண்டு பின் சார்ஜர். சார்ஜரைக் கழற்றியதும் முக்கால்வாசி ஹம் நின்றது. மீதி, எர்த் வயர் ப்ரீஆம்ப் திருகில் பட்டும் படாமலும் இருந்ததால் வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை. “மச்சினன்கிட்ட என்ன சொல்றது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

டோம்பிவிலி அக்காவுக்கு டெஸ்க்டாப். அவர் வீட்டில் எர்த் சரியாக இருந்தது. ப்ரீஆம்பையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியும் ‘ஜ்ஜ்ஜ்’ குறைந்ததே தவிர நிற்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே எளிய இன்டர்ஃபேஸ் இருந்ததால், லைன் ஐசோலேட்டருக்குப் பதில் யுஎஸ்பி ஐசோலேட்டர் வாங்கச் சொன்னேன். அவர் பதிவு செய்வது நாதஸ்வரத் தட்டுகள், தவிலை மலிவு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்ப எனக்கு மனமில்லை.

தாராவி அண்ணனிடம் வேலை செய்யும் பிளேயர் கிடையாது. சோர் பஜாரில் பழைய டர்ன்டேபிள் ஒன்றை எடுத்துவந்தார், ஃபோனோ உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸும் வாங்கினோம். மோட்டாருக்கு அடியில் இருந்த எர்த் கம்பியைப் பற்றவைத்ததும் ஊசி தூக்கிய நிலையில் ஸ்பெக்ட்ரம் படுத்துவிட்டது. ஆனால் அவர் அம்மாவின் ஒரு தட்டில் மட்டும், ஊசியை வைத்ததும் ‘உம்ம்ம்’ என்று ஆரம்பித்து, எடுத்ததும் நின்றது. அது வீட்டு மின்சாரத்தின் ஹம் இல்லை, பதிவு செய்த இடத்தின் மின்சாரம் தட்டுக்குள்ளேயே போயிருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் அந்த முனை 50-ல் நிற்காமல் 51-ஐத் தாண்டி நின்றது. தட்டு வேகமாகச் சுற்றுகிறதோ என்று சந்தேகம் வந்தது. அந்தக் காலத்து மின்சாரமும் துல்லியமாக 50-ல் நின்றிருக்காது என்பதால் அதை மட்டும் நம்பாமல், 33⅓ வேகத்துக்கு 180 கோடு போட்ட ஸ்ட்ரோபோ தட்டை (வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நிற்பதுபோல் தெரியும்) வைத்துப் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தோம். கோடுகள் முன்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. வேகத்தைக் குறைத்துக் கோடுகள் நின்ற பிறகு மறுபடி பதிவு செய்தோம். அந்தத் தட்டின் ஹம்மில் நாங்கள் கை வைக்கவில்லை.